எழுத்து மயங்கும் பிள்ளைகளும் மென்பொருள் துணையும்

(திருப்பூரில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் கல்வியைப்பற்றிப் பேசாத கூட்டம் ஒன்றேனும் நடந்ததில்லை. ஆயினும் அப்பேச்சு எல்லாம் பெரும்பாலும் நன்றாய்ப் படிக்கும் பிள்ளைகளைக் குறித்ததாகவே இருக்கிறது. முதன்மையான மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்கிறோம். மேற்படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறோம். அவர்கள் படத்தை நமது பத்திரிகையிலும் வெளியிடுகிறோம். அது நல்ல காரியமே. ஆனால் படிக்க வேண்டுமென்ற ஆசை இருந்தும், உழைப்பு இருந்தும், அறிவும் இருந்தும், புத்தகத்தை விரித்தவுடன் எழுத்துகள் வசப்படாமையால் திகைத்து நிற்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலே இருக்கிறார்கள். அவர்களைப்பற்றியும், அவர்களுக்குத் துணையாக இக்காலத்தில் ஏற்பட்டிருக்கும் மென்பொருள்களைப்பற்றியும் சில சொல்ல யாம் விரும்புகிறோம்.

திருப்பூரும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர், மங்கலம் முதலிய ஊர்களும் பனியன் தொழிலால் வாழ்கின்றன என்பதை யாவரும் அறிவர். இந்திய தேசத்துப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது. இத்தொழில் நமக்குச் சோறு போட்டது. வீடு கட்டிக் கொடுத்தது. ஆயின் இதே தொழில் மற்றொன்றையும் செய்துவிட்டது. பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று கண்டவுடன், வேறு யோசனைக்கே இடமின்றி அவனைக் கம்பெனிக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மற்ற ஊர்களில் எழுத்து வராத பிள்ளை வீட்டில் சும்மா இருப்பான். அதைக் கண்டு பெற்றோர் கவலைப்பட்டு ஏதேனும் வழி தேடுவர். நம் ஊரிலோ, கைமடிக்கும் செக்கிங்குக்கும் என்றைக்கும் ஆள் தேவை. சனிக்கிழமை தோறும் கூலி கைக்கு வருகிறது. கூலி வரவே, பெற்றோரின் கவலையும் தீர்ந்து விடுகிறது. பிள்ளைக்கு என்ன குறை, அக்குறைக்குப் பரிகாரம் உண்டா என்று கேட்பாரில்லை. யாம் இத்தொழிலை இழிவாகக் கூறுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். விரும்பிச் செய்யும் தொழில் எதுவும் உயர்ந்ததே. வேறு வழி அடைக்கப்பட்டமையால் செய்யும் தொழில் வேறு, அதைத்தான் சொல்லுகிறோம்.

இக்குறை யாதென முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதனை டிஸ்லெக்சியா என்பர். 1887-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்துக் கண் வைத்தியர் ருடால்ப் பெர்லின் என்பவர் அச்சொல்லை வழங்கினார். 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர், 14 வயதுப் பையன் ஒருவனைப்பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அப்பையன் கணக்கில் தேர்ந்தவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கண்ணில் பழுதில்லை. ஆனால் பல வருஷம் கற்பித்தும் சிறு சொற்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. அவனுடைய உபாத்தியாயர் சொன்னதாக அவ்வைத்தியர் எழுதியிருக்கும் கருத்து நம் சிந்தனைக்கு உரியது. பாடம் முழுவதையும் வாயாற் சொல்லியே நடத்தக்கூடுமாயின், இவனே அப்பள்ளியில் மிக்க கெட்டிக்காரனாக விளங்குவான் என்பதே அது. 1896-ல் அஃது ஓர் உபாத்தியாயரின் ஏக்கமாகவே நின்றது. அச்சிட்ட புத்தகத்தை வாய்ச்சொல்லாக மாற்றித்தரும் உபகரணம் அன்றைக்கு இல்லை. இன்றைக்கு அது பலருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது.

இக்குறை அறிவுக்குறையன்று, சோம்பலுமன்று, வளர்ப்பின் பிழையுமன்று. எழுத்து வடிவத்தையும் அதற்குரிய ஒலியையும் இணைத்து விரைவாய் அறியும் மூளைத்தொழிலில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. குடும்பவழியில் வருவதும் உண்டு. ஆதலின், தந்தையார் தம் மகனை, "மண்டையில் ஒன்றும் ஏறாதவன்" என்று கடியும்போது, தாமும் சிறுவயதில் அவ்வாறே கடியப்பட்டதை நினைத்துப் பார்ப்பாராயின் அவருக்கே உண்மை விளங்கலாம்.

ஆங்கிலத்துக்குத்தான் இத்தொல்லை, தமிழோ எழுதியபடியே படிக்கும் பாஷை, இதில் எவ்வாறு மயக்கம் வரும் என்று சிலர் கேட்கிறார்கள். ஆங்கிலத்தைப்போல எழுத்துக்கும் ஒலிக்கும் ஓயாத சண்டை தமிழில் இல்லை என்பது மெய்யே. ஆனால் தமிழுக்கே உரிய இடர்கள் சில உண்டு. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். ணகர, நகர, னகரங்களும், லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும் சிறுபிள்ளையின் காதுக்கு நெருங்கி ஒலிப்பவை. ககரம் ஒன்றே "கல்" என்பதில் ஓர் ஒலியாகவும், "தங்கம்" என்பதில் வேறோர் ஒலியாகவும் நிற்கிறது. "கெ" என்னும் எழுத்தில் பின்னே ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. "கொ" என்பதிலோ இருபுறமும் நிற்கிறது. "கா" என்பதன் கால், ரகரத்தைப் போலத் தோன்றுகிறது; "கௌ" என்பதன் பிற்குறியோ ளகரத்தைப் போலத் தோன்றுகிறது. இவையனைத்துக்கும் மேலாக, வீட்டில் பேசும் தமிழ் ஒன்று. புத்தகத்தில் எழுதிய தமிழ் மற்றொன்று. "வந்துட்டானுங்க" என்று பேசும் பிள்ளை "வந்துவிட்டான்" என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் இரண்டொரு வருஷத்தில் தாண்டிவிடும் இவ்வாய்க்காலை, எழுத்து மயங்கும் பிள்ளை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தாண்டவேண்டியிருக்கிறது.

இனி மென்பொருள்களின் தொழிலைப் பார்ப்போம். அவற்றை மூவகையாகச் சொல்லலாம்.

முதல் வகை, எழுதியதைப் படித்துக் காட்டுவது. கம்ப்யூட்டரிலோ கைப்பேசியிலோ உள்ள தமிழ் வாசகத்தை அது உரக்கப் படிக்கும். நல்ல மென்பொருள், தான் படிக்கும் சொல்லுக்கு நிறமிட்டும் காட்டும். பிள்ளையின் கண்ணும் காதும் ஒரே சொல்லின்மேல் ஒருங்கே செல்வதால் மனம் சிதறாது. இவ்வகைக் கருவிகள் முதலில் பார்வையற்றோர்க்காக ஏற்பட்டவை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் யாவர்க்கும் இலவசமாய்க் கிடைப்பது, தமிழையும் படிக்கவல்லது. நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஹேமா ஏ. மூர்த்தி தலைமையில் உழைத்தவர்களும் தமிழைப் பேசும் இயந்திரக் குரலுக்காகப் பல ஆண்டு பாடுபட்டிருக்கிறார்கள். அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து அதிலுள்ள எழுத்துகளைக் கண்டறியும் மென்பொருளும் உண்டு. ஆகவே பாடப்புத்தகத்தின் பக்கத்தைக் கைப்பேசியால் படம்பிடித்து, உடனே அதனைப் படிக்கக் கேட்கலாம்.

இரண்டாம் வகை, பேசியதை எழுதித் தருவது. கூகிள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழ் முதலிய பல இந்திய பாஷைகளுக்கு இவ்வசதியை அளித்தது. விடை தெரிந்தும் எழுத வராமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளை, தன் விடையை வாயாற் சொல்லி எழுத்தில் காணலாம். எமக்குத் தோன்றுமளவில், இவ்வகைப் பிள்ளைகளின் மனநோய்க்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை. தன் கருத்து தன் கண்முன்னே எழுத்தாக நிற்பதைக் காணும் பிள்ளை, தான் மூடனல்லன் என்பதைத் தானே அறிந்துகொள்கிறான்.

மூன்றாம் வகை, வாசிக்கப் பழக்குவது. பிள்ளை படிக்கக் கேட்டு, தவறிய சொல்லைத் திருத்திக் காட்டுவதும், நீண்ட சொல்லை அசை அசையாகப் பிரித்துக் காட்டுவதும் இதன் தொழில். கூகிள் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட "போலோ" இவ்வகையது. அது இந்தியில் தொடங்கிப் பின்பு தமிழுக்கும் வந்தது. சென்னையில் 1991-ல் நிறுவப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், பிள்ளைகளுக்குப் பரிகாரக் கல்வியும் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருவது. பேச்சு வராத பிள்ளைகள் படங்களைத் தொட்டுப் பேசுவதற்கென அஜித் நாராயணன் என்பவர் சென்னையிலேயே உருவாக்கியது "ஆவாஸ்" என்னும் கருவி. அச்சங்கமும் ஆவாஸ் நிறுவனமும் கூடி, ஆங்கில வாசிப்புக்கு உதவும் மென்பொருள் ஒன்றையும் வெளியிட்டிருக்கின்றன. பிள்ளை ஒரு சொல்லில் இடறும்போது, உடனே விடையைச் சொல்லிவிடாமல் படம் முதலிய குறிப்புகளைத் தந்து அவனே படிக்கும்படி தூண்டுவது அதன் சிறப்பு.

இவற்றைச் சொல்லும்போதே சில ஆக்ஷேபங்கள் எழுகின்றன. இயந்திரமே படித்து இயந்திரமே எழுதினால் பிள்ளை கற்றது என்ன, இது காப்பியடிப்பதன்றோ என்பது முதலாவது. நம் தொழிலிலிருந்தே விடை சொல்லுகிறோம். முன்னே கட்டிங் மாஸ்டர் அட்டையை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடிட்டுத் துணியை வெட்டினார். இப்போது பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டரே அளவைக் கணித்துக் கோடிட்டுத் தருகிறது. அதனால் அவர் தொழில் மறந்தவர் என்று எவரேனும் சொல்லுவதுண்டோ? துணியின் போக்கு அறிந்தவர்க்கே அக்கம்ப்யூட்டரும் பயன்படுகிறது. அறியாதவர் கையில் துணிதான் வீணாகும். அதுபோலவே, பாடத்தின் பொருளைச் சிந்திப்பது பிள்ளையின் வேலை. எழுத்தின் இடரைக் கடத்துவதே மென்பொருளின் வேலை. மூக்குக் கண்ணாடி அணிந்து படிப்பவரைக் காப்பியடித்தார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் மறுபுறத்தையும் மறைக்கலாகாது. மென்பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டால் பெற்றோர் கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. படித்துக் காட்டும் கருவிகளைப்பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, அவற்றால் வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளின் பொருளறியும் திறன் ஓரளவு உயர்கிறது என்றே கண்டது. ஓரளவு என்பதை நாம் மறத்தலாகாது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, பொறுமையோடு, திரும்பத் திரும்பக் கற்பிக்கும் உபாத்தியாயர் ஒருவர் வேண்டும். அப்படிப்பு நடந்துகொண்டிருக்கும் வருஷங்களில், சரித்திரமும் விஞ்ஞானமும் கணக்கும் பின்தங்கிப் போகாமல் தாங்குவதே மென்பொருளின் பயன்.

கைப்பேசி கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். இது பொய்யன்று. பாடத்துக்கென்று நேரம் குறித்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுப்பதும், பாடத்துக்கு வேண்டாதவற்றை நீக்கிவிடுவதும் செய்யத்தக்கவை. இரவு ஷிப்ட் வேலைக்குத் தாய் தந்தையர் இருவரும் போகும் வீடுகளில் இது கடினம் என்பதை யாம் அறிவோம். அங்கே சங்கக் கட்டிடம் உதவலாம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாவது ஆக்ஷேபத்தை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிள்ளைக்குக் குறை உண்டென்று சான்று வாங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், பெண்பிள்ளையாயின் நாளைக்குச் சம்பந்தம் தட்டிப்போகாதா என்னும் அச்சமே அது. தாய்மார்களே! குறையை மறைத்து வைத்தமையால் பத்தாம் வகுப்பில் தவறி, பதினைந்து வயதிலேயே படிப்பை விட்ட பெண்ணுக்கு வாழ்வு சிறக்கும் என்றும், உரிய உதவி பெற்றுப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அது கெடும் என்றும் நினைப்பது எவ்வகை நியாயம்? நாலு பேர் என்பவர் வேறு யாருமல்லர். இக்கூட்டத்தில் இருக்கும் நாமே. நாம் இகழாவிட்டால் இகழ்வார் இல்லை.

சட்டமும் இப்பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. முன்பு 7 வகையாயிருந்த குறைபாடுகளை 21 ஆக்கி, கற்றலில் உண்டாகும் இக்குறையையும் அதில் சேர்த்தார்கள். இத்தகைய பிள்ளைகளைக் கூடிய விரைவில் கண்டறிந்து வேண்டியது செய்வது பள்ளிகளின் கடமை என அதன் 16-வது பிரிவு கூறுகிறது. குறைபாடு 40 சதவிகிதமும் அதற்கு மேலும் உள்ளவரென்று சான்று பெற்ற மாணாக்கர்க்கு, 18 வயது வரையில் புத்தகங்களும் தக்க உதவிக் கருவிகளும் இலவசமாக அளிக்கவேண்டும் என்றும், குறைபாடுள்ள மாணாக்கர்க்குப் பரீக்ஷையில் கூடுதல் நேரம், எழுதித் தருபவர், மொழிப்பாட விலக்கு முதலிய மாறுதல்கள் செய்யவேண்டும் என்றும் 17-வது பிரிவு கூறுகிறது. இவை பிச்சையல்ல, உரிமை. ஆயினும் கேட்பவர்க்கே உரிமை கைகூடும். பத்தாம் வகுப்புப் பரீக்ஷைக்குச் சில வாரமே இருக்கையில் சான்றுக்காக ஆஸ்பத்திரி வாயிலில் நிற்பதில் பயன் குறைவு. எட்டு வயதுக்குள்ளாகவே கவனிக்கத் தொடங்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை யாவரும் இக்குறை உடையவர் அல்லர். ஒடிசா, பீகார் முதலிய மாகாணங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறார்கள். தமிழ் பழகாமையால் அவர்கள் திணறுவது வேறு. எழுத்து மயக்கம் வேறு. அடிக்கடி ஊர் மாறியதாலும், கண் காது குறைகளாலும் பின்தங்குவோரும் உண்டு. தாய்மொழியில் சோதித்தாலன்றி உண்மை விளங்காது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி நிலையம் 2015-ல் "டாலி" என்னும் சோதனை முறையை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய பாஷைகளில் வெளியிட்டதும் இக்காரணத்தாலேயே.

மற்றொரு தடையை நம்மில் அச்சுத் தொழிலும் டி.டி.பி. தொழிலும் செய்வோர்க்காகச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டு அரசாங்கம் 2010-ல் யூனிகோடைத் தமிழுக்குரிய நியமமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய பாமினி முதலிய எழுத்துருக்களில் இன்றும் வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் தட்டச்சு செய்யப்படுகின்றன. கண்ணுக்கு அவை தமிழாகத் தோன்றும். மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதனால் படிக்க இயலாது. அதே குறிப்பை யூனிகோடில் அடித்தால் பைசா செலவில்லாமல் பேசும் புத்தகமாகிவிடும். அவ்வாறே, பிள்ளை வாயாற் சொல்லியதைக் கருவி பேச்சுத்தமிழிலேயே எழுதிவிட்டால், முதற்படியில் அதனைப் பிழையென்று சிவப்பு மையால் அடிக்காமல், கருத்தைப் பாராட்டிப் பின்பு நடையைத் திருத்தும்படி உபாத்தியாயர்களை வேண்டிக்கொள்கிறோம்.

முடிவாக, நமது சங்கத்துக்கு நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம்.

ஒன்று: ஆண்டுதோறும் ஒதுக்கும் கல்வி நிதியில் ஒரு பகுதியை இப்பிள்ளைகளின் சோதனைக்கும், சான்று பெறும் செலவுக்கும், பரிகாரக் கல்விக்கும் ஒதுக்கவேண்டும். முதல் மதிப்பெண் பெற்றவன் நம் உதவியின்றியும் முன்னேறக்கூடும். இவனோ நம் உதவி இல்லாவிடில் நின்றே விடுவான்.

இரண்டு: சங்கக் கட்டிடத்தில் மாலை வேளையில் ஓர் அறையைத் திறந்து, இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களும் காதில் மாட்டும் கருவிகளும் வைத்து, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் ஒருவரை நியமிக்கவேண்டும். படித்துக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால் செலவு பெரிதன்று. அவ்வறை நம் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, அத்தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். எழுத்து மயக்கம் ஜாதி பார்த்து வருவதில்லை.

மூன்று: நம்மில் கம்பெனி நடத்தும் முதலாளிகள், படிப்பை விட்டு வேலை கேட்டு வரும் சிறுவனைக் கண்டால், 14 வயது நிரம்பாதவனை வேலைக்கு வைத்தல் சட்டப்படி குற்றம் என்பதோடு நில்லாமல், நிரம்பியவனையும் ஏன் படிப்பை விட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். படிக்க வரவில்லை என்பானாயின், வேலைச்சீட்டுக்கு முன்னே அவனைச் சங்கத்துக்கு அனுப்பவேண்டும். ஒரு கைமடி குறைவதால் எந்தக் கம்பெனியும் மூடிப்போகாது.

நான்கு: வீட்டிலுள்ளோர் அடிப்பதையும் ஒப்பிட்டுப் பேசுவதையும் விட்டுவிடவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பழித்ததனால் எழுத்து வந்தவர் எவரும் இல்லை.

துணியில் ஓர் இழை அறுந்தால் அவ்விடத்தில் ஓட்டை விழுமே என்று நாம் பதறுகிறோம். உடனே மெஷினை நிறுத்திப் பார்க்கிறோம். நம் பிள்ளை வகுப்பில் பின்தங்கும்போதும் அவ்வாறே நின்று பார்ப்பதுதான் யாம் கேட்டுக்கொள்வது. கருவிகள் வந்துவிட்டன, சட்டமும் வந்துவிட்டது. இனி வரவேண்டியது நம் மனம் ஒன்றே.